சின்னதொரையின் கைவேலை

கொடகவெலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடமாக ஃபெக்டரி மெஷின்களைப் பழுதுபார்ப்பவன் யோகராஜ். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் மட்டும் அவன் தொழிலாளி. ஃபிட்டர் என்று எழுதினால் ஸ்டாஃப் ஆக்க வேண்டும், குவாட்டர்ஸ் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பேனாவுக்கு அந்த எழுத்து மட்டும் வராது.

2006 மார்ச்சில், பெல்மதுளை ஏஜென்சிக்காரர் முக்தார் அவனுக்குக் கத்தாரில் ஃபிட்டர் வேலை ஒன்று பிடித்து வைத்தார்.

"தோட்டத்து சீலோட சர்வீஸ் கடிதம் வேணும் தம்பி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வரல்லண்டா வேற ஆளப் போட்டுருவன்" என்றார்.

யோகராஜுக்குச் சம்பளம் இரண்டாம் பட்சம். எந்த நாட்டுக் காகிதத்திலாவது தன்னை ஃபிட்டர் என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதே நேரத்தில் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதொரையும் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருந்தார், அதுவும் மெஷின் எஞ்சினியராக! அவர் ஒரு ஸ்பேனரைத் தொட்டு யாரும் கண்டதில்லை. மூன்று நாள் யோகராஜைக் கேட்டுக் கேட்டு, அவன் செய்த வேலையெல்லாம் தான் செய்ததாக எழுதிக்கொண்டார். அவனுடைய எண்ணெய்ச் சட்டையை மாட்டிப் படமும் எடுத்துக்கொண்டார். மேனேஜர் பெரியதொரை அதைப் படித்துப் பார்க்காமலே சீல் குத்தினார். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் இதுதான். "ஒனக்கும் கடிதம் தாறேன்" என்ற ஒரு வார்த்தைக்காக யோகராஜ் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. 'இவர் நேர்மையான தொழிலாளி. இலை அள்ளுவார்.'

"என்னங்க சார் இது?"

"ஒரே மெஷின ரெண்டு பேர் செஞ்சதா எழுதினா அவங்க நம்புவாங்களா? ஹரியன்னெ நே, யோகராஜ், சரிவராது" என்றார் சின்னதொரை.

யோகராஜ் ஃபெக்டரிக்குத் திரும்பிப் போனான்.

பத்து மணிக்கு இலை உருட்டும் பெரிய ரோலர் நின்றது. வாடிய இலை மலையாகக் குவிந்தது. பெரியதொரை கத்திக்கொண்டே வந்தார். சின்னதொரை ஸ்பேனரோடு ரோலரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு மணி நேரத்தில் அவர் சட்டை கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் யோகராஜின் காதோரம் வந்து கெஞ்சினார்.

"கடிதம் எழுதுங்க சார்" என்றான் யோகராஜ்.

எழுதினார், பதினான்கு வருடத்தையும் ஒன்றுவிடாமல். யோகராஜ் உடைந்த இரும்புப் பின்னை மாற்றிப் போட்டான், இருபது நிமிடத்தில் ரோலர் ஓடியது.

இனி சீல் மட்டும்தான் பாக்கி. பெரியதொரை கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இவ்வளவு கெட்டிக்காரன யாராவது வெளிநாட்டுக்கு விடுவாங்களா? போ, போய் வேலையப் பாரு."

காலையில் வேலை தெரியாதவன் என்று போக முடியவில்லை. மத்தியானம் வேலை தெரிந்தவன் என்று போக முடியவில்லை. யோகராஜ் "சரிங்க தொரை" என்றான். நேரே போய் ரோலரை நிறுத்தி, தான் போட்ட பின்னைக் கழற்றிக்கொண்டு வந்து பெரியதொரையின் மேசையில் வைத்தான்.

"தொழிலாளிக்கு இவ்வளவுதாங்க தெரியும்."

வெளியே இலை லொறி ஹோர்ன் அடித்தது. பெரியதொரை பின்னைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், சீலை எடுத்துக் குத்தினார்.

"சரி, இப்ப இதப் பூட்டிக் குடுத்துட்டுப் போ."

யோகராஜ் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க தொரை. ஒங்க எஞ்சினியர்தான் இருக்காரே, நீங்களே சீல் குத்தின ஆளு. அவரக் கூப்பிடுங்க."