கழற்றிய முட்கள்

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில், மார்ச் மாதத்தில் மழை பெய்து உறைந்ததில் ஏரி முழுக்கக் கண்ணாடியாகிக் கிடந்தது. அதற்காகவே ரிஸ்தென் தன் பனி ஸ்கூட்டரின் ரப்பர் பட்டையில், திருகி மாட்டவும் கழற்றவும் கூடிய எஃகு முட்களை மாட்டி வைத்திருந்தாள். அவை இருந்தால்தான் வண்டி பனிக்கட்டியைப் பற்றிக்கொண்டு ஓடும்.

அன்று காலை அவள் வளர்க்கும் பனிமான்கள், உறைந்த தரையில் மேய ஒன்றும் கிடைக்காமல், ஆறு வந்து ஏரியில் சேரும் இடத்தை நோக்கி நகர்ந்தன. அங்கே அடியில் நீரோட்டம், பனிக்கட்டி மெல்லிசு. குறுக்கே போய் மறிக்க வேண்டும். வண்டியை விரட்டினாள். முதல் திருப்பத்திலேயே பின்பக்கம் வழுக்கியது. பிரேக் பிடித்தும் நிற்காமல் சுழன்று கவிழ்ந்தது. எழுந்து பார்த்தாள். பட்டையில் வெறும் துளைகள்தான் இருந்தன.

கத்திக்கொண்டே ஓடினாள். விழுந்தாள், மறுபடி ஓடினாள். பின்னால் வந்தவை மிரண்டு திரும்பின. முன்னால் போன சினை மான்கள் அவள் கண்ணெதிரே உடைந்த பனிக்குள் இறங்கின.

அண்ணன் இஸ்ஸாத் வீட்டில் ஒரே சிரிப்பு. முந்தின நாள் பக்கத்து ஊர் பனி ஸ்கூட்டர் பந்தயத்தில் அவன் ஜெயித்த கோப்பை மேஜைமேல் இருந்தது. நண்பர்கள் காபியும் உலர்ந்த இறைச்சியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, என் வண்டி முள்ள நீயா எடுத்த?"

"ஆமா, நேத்து நீ கடைக்குப் போனப்ப பந்தயத்துக்காகக் கழட்டினேன். ஒரு நாளைக்குத்தானே? சாயங்காலம் நானே மாட்டி விட்டுருவேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா குடுத்திருப்பியாக்கும்!"

நண்பர்கள் சிரித்தார்கள்.

"சினை மானெல்லாம் தண்ணில போயிருச்சுண்ணே."

சிரிப்பு நின்றது. இஸ்ஸாத் முகம் வெளுத்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பட்டையப் பாக்க மாட்டியா? சின்னப் புள்ளையா நீ?"

நண்பர்களில் ஒருவன் மெல்லத் தலையாட்டினான். அண்ணன் சொன்னதைவிட அந்தத் தலையாட்டல்தான் அவளைச் சுட்டது. அவள் பார்க்கவில்லை என்பது உண்மைதான். சொந்த வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை யார் சந்தேகப்பட்டுப் பார்ப்பார்கள்?

இஸ்ஸாத் கயிறு எடுத்துக்கொண்டு வந்தான். இருட்டும்வரை அவளோடு சேர்ந்து செத்த மான்களை இழுத்துக் கரையில் போட்டான். விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு உழைத்தான். மன்னிப்பு என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் முட்களைத் துடைத்து அனுப்பியிருந்தான். ரிஸ்தென் அவற்றைத் தொடவில்லை.

மே மாதம் மற்றவர்களின் மான்கள் கன்று போட்டன. கோடை மேய்ச்சலுக்கு எப்போதும் அண்ணனோடு போகிறவள், இந்த முறை மிச்சமிருந்தவற்றை ஓட்டிக்கொண்டு சித்தப்பா மகனின் மந்தையோடு போய்ச் சேர்ந்தாள்.

"அவளுக்குக் கோபம் ஜாஸ்தி. யார்கூடயும் ஒத்துப்போக மாட்டா," என்று இஸ்ஸாத் கடைவீதியில் வருத்தத்தோடு சொன்னான். ஊரும் அதை நம்பியது. என்ன நடந்தது என்று ஒருவர்கூட அவளிடம் வந்து கேட்கவில்லை.