பாண்டுரங்கனின் டெண்டர் ஆட்டம்

பாண்டுரங்கனுக்குத் தன் மூளையைப் பற்றி ஒரு கர்வம் இருந்தது. ஆதாரம் கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவான். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தும், தறியில் உட்கார்ந்த அன்றெல்லாம் இழையை அறுத்து வைத்தவன். "நீ எங்கனா போய் சர்க்கார் உத்தியோகம் பாரு நைனா, நூலாவது மிஞ்சும்" என்று அவன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். அப்படித்தான் 1962-இல் உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கூட்டுறவு அலுவலர் கிடைத்தான்.

ஒன்றியத்தில் அப்போது ஒரு வேலை ஏலத்துக்கு வர இருந்தது. பெருநகர் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் ஒரு சித்தேரி, அதாவது சின்ன ஏரி. அதைத் தூர் வாரிக் கரையைப் பலப்படுத்த வேண்டும். இப்படிப்பட்ட வேலைகளையெல்லாம் காண்டிராக்டர் சின்னராசுதான் வருஷா வருஷம் எடுப்பார். இந்த முறை ஊருக்கு வெளியே ஒதுங்கியிருந்த காலனியிலிருந்து இருபத்திரண்டு குடும்பங்கள் ஒரு தொழிலாளர் சங்கம் வைத்து, தாங்களே டெண்டர் போடுவோம் என்று கிளம்பியிருந்தன. வேலை கிடைத்தால் ஊரோடு இருப்பார்கள். கிடைக்காவிட்டால் மறு வாரமே பிள்ளைகுட்டிகளோடு மெட்ராஸ் பக்கம் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த முப்பது பிள்ளைகளும் சேர்ந்து கல் அறுக்கும்.

சங்கத்துக்குத் தலைவர் வேதகிரி. அதிர்ந்து பேசாத மனிதர். கூடை தூக்கும் பெண்கள் பக்கம் ஜெயம்மாள் பேசுவாள். அவளுக்கு அதிராமல் பேசத் தெரியாது.

இவர்களுக்கு டெண்டர் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பாண்டுரங்கனுக்கு உத்தரவு. மற்றவனாக இருந்தால் பாரத்தை எடுத்து வைத்து, இங்கே கையெழுத்து, இங்கே கைநாட்டு என்று அரைமணியில் முடித்திருப்பான். நம் ஆள் மூளைக்காரனாயிற்றே! ஒரு ஆட்டம் கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் வேப்பமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்தான். புளியங்கொட்டைதான் பணம். சீட்டில் குளம், ரோடு, கால்வாய் என்று வேலைகள். யார் குறைந்த விலை சொல்கிறார்களோ வேலை அவர்களுக்கு. சங்கத்துக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொட்டையோடு சின்ன காண்டிராக்டர்கள். பாண்டுரங்கன் ஒரு படி கொட்டையோடு பெரிய காண்டிராக்டர்.

முதல் ஞாயிறு பாண்டுரங்கன் ஜெயித்தான். நஷ்டத்துக்கு விலை சொல்லிச் சொல்லி எல்லா வேலையையும் வாரிக்கொண்டான். மற்றவர்கள் வேலையில்லாமல் கையிலிருந்த கொட்டையைச் சாப்பாட்டுச் செலவென்று கட்டித் தீர்த்ததும் விலையை மூன்று மடங்காக ஏற்றினான். "பார்த்தீங்களா, பெரிய ஆளுங்க இப்படித்தான் சின்னவங்களை ஒழிப்பாங்க" என்று விளக்கினான். விளக்கும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் ஒரு கூட்டுறவு அலுவலருக்கு ஆகாது.

இரண்டாவது ஞாயிறு விதியை மாற்றினான். வேலைகளைத் துண்டு துண்டாக வெட்டினான். அப்போதும் அவனே ஜெயித்தான். மூன்றாவது ஞாயிறு, ஒருத்தருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கூடாது என்றான். அன்றைக்கும் அவன்தான்.

"இன்னா சார் இது?" என்றாள் ஜெயம்மாள். "ஆட்டம் கட்னதும் நீ, ஆடறதும் நீ, ஜெயிக்கறதும் நீ. நாங்க எதுக்குக் குந்திக்கினு கீறோம், கொட்டை பொறுக்கவா?"

கூட்டம் சிரித்தது. பாண்டுரங்கனும் சிரித்தான். உள்ளுக்குள் வலித்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். மூன்று வாரமாகப் படிப்பறிவில்லாத ஜனங்களைப் புளியங்கொட்டையில் தோற்கடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவி சாரதாவிடம் பெருமையடித்திருக்கிறான். சாரதா புளியங்கொட்டைப் படியைத் திருப்பிக் கேட்டாள்.

நாலாவது ஞாயிறு ஒரு பிரம்மாண்டமான விதியோடு வந்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அடிமட்ட விலை. அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. நஷ்டத்துக்கு விலை சொல்லிச் சின்னவனை ஒழிக்கும் வித்தை இனி நடக்காது. அன்று பாண்டுரங்கன் ஜெயிக்கவில்லை. வேதகிரி ஜெயித்தார். பாண்டுரங்கனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே ஒன்றிய ஆணையரிடம் போய், சித்தேரி டெண்டருக்கும் இந்த விதியைப் போட வேண்டும் என்று மன்றாடினான். ஆணையரும் இவன் வாய் ஓய்ந்தால் போதும் என்று போட்டுவிட்டார்.

டெண்டர் பிரிக்கும் நாள் வந்தது. ஆபீஸே ஏரிக்கரையில் கூடியது. இரண்டு உறைகள்தான். ஆணையர் சங்கத்தின் உறையைப் பிரித்தார். சரியாக அடிமட்ட விலை. சின்னராசுவின் உறையைப் பிரித்தார். அதுவும் சரியாக அடிமட்ட விலை.

ஆகாதா பின்னே? இதுக்குக் கீழே போகாதே என்று ஊரறியக் கோடு கிழித்தால் எல்லாரும் அந்தக் கோட்டில்தானே வந்து நிற்பார்கள்!  எத்தனையோ விதி எழுதின பாண்டுரங்கன், சமமாக வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதவில்லை.

"சமமா வந்தா முன் அனுபவம் உள்ளவருக்குத்தான்யா வேலை. அது பழைய ரூல்" என்றார் ஆணையர்.

சின்னராசு மீசையைத் தடவிக்கொண்டார். வேதகிரி துண்டை உதறித் தோளில் போட்டார். "சூளை மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிடலாம்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.  இத்தனை நாள் சின்னராசுவே இவர்களை ஒழிக்கவில்லை. கடைசியில் பாண்டுரங்கன் தன் கையாலேயே ஒழித்துவிட்டான்.

"சார், கால்ல வேணா விழறேன். ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக் குடுங்க சார்" என்றான், நிஜமாகவே குனிந்தபடி.

ஆணையர் பதறி விலகினார். "சீச்சீ, எழுந்திருய்யா. சரி, ஆளுக்குப் பாதி. தொலைங்க."

சின்னராசு கொஞ்சம் யோசித்தார். பிறகு பெருந்தன்மையாகச் சிரித்தார். "ஆவட்டும் சார். ஆனா ஏரியப் பிரிக்கறது வெளாட்டு கெடையாது. எங்க கல்லு, எங்க சேறுன்னு அனுபவஸ்தனுக்குத்தான் தெரியும். நானே பிரிச்சுக் குடுக்கறேன்."

பாண்டுரங்கனுக்கு விளங்கிவிட்டது. பஞ்சு மாதிரி மண் ஒரு பக்கம், கடப்பாரை துள்ளும் பாறை ஒரு பக்கம். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயம்மாள் முந்திக்கொண்டாள்.

"பிரி காண்ட்ராக்டரே, நீயே பிரி! ஆட்டுக்கறி கூறு போட்டாக்கா, கூறு போட்டவன் கடேசியில எட்துக்கறதுதான எல்லா ஊர்லயும் வயக்கம்? நீ கூறு போடு. நாங்க மொதல்ல எட்துக்கறோம்."

ஆணையர் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா சொல்றது நியாயம்யா. பிரிங்க" என்றார். சின்னராசு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பங்குனி வெயிலில், அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்குள் இறங்கி, இங்கே குத்திப் பார்த்து, அங்கே தோண்டிப் பார்த்து, இரண்டு மணி நேரம் அளந்தார். எந்தப் பாதி தன் தலையில் விழுமோ என்ற பயத்தில் ஒரு சாண் நிலம் பிசகவில்லை. அவர் ஆயுசில் அப்படி ஒரு நேர்மையான அளவை அளந்திருக்க மாட்டார்.

வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று கொடி நட்டாயிற்று. பாண்டுரங்கனுக்குப் போன மூளை திரும்பி வந்துவிட்டது. வேதகிரியைத் தனியே இழுத்தான். "வடக்கை எடுங்க. ரோடு பக்கம். கரை கிட்டக்க கீது, கூடையோட நடை கம்மி. நான் வரைபடத்துல பாத்துட்டேன். கண்ணை மூடிக்கினு வடக்கை எடுங்க."

வேதகிரி ஜெயம்மாளைப் பார்த்தார். ஜெயம்மாள் மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தெற்குப் பக்கம் கண்ணைக் காட்டினார்கள்.

"நாங்க தெக்கால எட்துக்கறோம்" என்றாள் ஜெயம்மாள்.

சின்னராசுவுக்கு நம்ப முடியவில்லை. எங்கே மாற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று ஓடிப்போய் வடக்குக்குக் கையெழுத்துப் போட்டார். பாண்டுரங்கனுக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலு ஞாயிறு தொண்டை கிழியக் கத்தியது எதற்கு? கையில் வந்ததைக் கீழே போடவா? கூட்டம் கலைந்ததும் ஜெயம்மாளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் ஜெயம்மா இப்படிப் பண்ணீங்க? வேதகிரிகிட்ட நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தெற்கே ஒவ்வொரு கூடைக்கும் நூறு அடி கூட நடக்கணும். தெரியுமா உங்களுக்கு?"

"தெர்யும் சார். தூக்கறது நாங்கதான?" என்றாள் அவள், சாவதானமாக. "வடக்கால தண்ணி ஊர்க் கெணத்துலதான் சார் கீது. நாப்பது பேரு வெயில்ல மண்ணு வெட்டிக்கினு, ஊர்க்காரங்க ஊத்துவாங்களா ஊத்துவாங்களான்னு எட்டி நின்னு கைய ஏந்திக்கினு கெடக்க முடியுமா? தெக்கால ஏரிக்குள்ளயே நாலடி தோண்டினா ஊத்து வரும். நாங்களே மொண்டு குடிச்சுக்குவோம்."

பாண்டுரங்கன் வடக்கே பார்த்தான். அந்தக் கிணறு நன்றாகத் தெரிந்தது. அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவனே அங்கே போய், யாரையும் கேட்காமல், வாளியை இறக்கி இரண்டு முறை இறைத்துக் குடித்திருந்தான். தண்ணீர் நல்ல ருசி என்றுகூட ஆணையரிடம் சொன்னான்.

"எனக்குத் தோணவே இல்ல ஜெயம்மா" என்றான்.

"உனக்கு எப்டி சார் தோணும்?" என்றாள் அவள். அதில் கோபம் எதுவும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஊற்று எங்கே தோண்டலாம் என்று பார்க்கத் தெற்குப் பக்கம் இறங்கிப் போனாள்.