வெளுத்த சட்டை

மலேசியாவின் கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடியில், யாருக்கு நோய் வரப்போகிறதோ அவருடைய துணி ஒரு வாரம் முன்பே, துணி காயப்போடும் கம்பில் வெள்ளையாகிவிடும். இது பெரிய தொற்றின்போது தொடங்கியது. அப்போது பசித்தவர்கள் உதவி கேட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அதனால் இதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. விஷயம் பிடிபட்டபோது பல வீடுகளில் ஆள் குறைந்திருந்தது.

தொற்று அடங்கியதும், அடுத்ததற்கு நாடு தயார் என்று வானொலி சொன்னது. அடுக்குமாடிக்காரர்களும் தயாரானார்கள்: ஆளாளுக்குச் சாயப் பொட்டலம் வாங்கி வைத்தார்கள். கம்பில் வெள்ளை தெரிந்தால் வேலை போகும், வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்வான். அதனால் வெளுத்ததற்குச் சாயம் போட்டு மறுபடி தொங்கவிட்டார்கள். சளி, காய்ச்சல் அளவில் அது ஒத்துவந்தது.

இந்த வருடம் வாணியின் மகன் பிரவினுடைய ஆரஞ்சு வேலைச்சட்டை வெளுத்தது. துறைமுகக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாணி சட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். பொறுப்பிலிருந்த யுகேந்திரன் விரித்துப் பார்த்தார்.

"சோப்பு மாத்துங்க ஆன்டி. காய்ச்சல் வந்தா வாங்க லா, ஸ்டோர்ல எல்லாம் ரெடி."

ஸ்டோரில் எல்லாம் இருந்தது. முகக்கவசங்களின் ரப்பர் மட்டும் பொடியாகியிருந்தது.

"ஒரு வாரம் லீவு போடுடா," என்றாள் வாணி.

"சட்டை வெளுத்துருச்சு பாஸ்னு சொல்லவா? வேற ஆள் போட்டுருவான் மா. எல்லாரும் செய்யறதுதானே, சாயத்தப் போடு."

போட்டாள். காய்ந்ததும் இஸ்திரியும் போட்டாள். அவன் வாரக் கடைசிவரை வேலைக்குப் போனான். அதற்குள் கிடங்கு முழுக்க இருமியது. அவனுக்கு மருத்துவமனையில் கட்டில் கிடைத்தது, ஆக்சிஜன் கிடைக்கவில்லை. அவனை எரித்த அன்று கடைகளில் சாயம் தீர்ந்துபோயிருந்தது. மாடிக்கு மாடி எல்லாக் கம்புகளிலும் வெள்ளை தொங்கியது. எந்தக் காலத்துத் தகவலை வைத்தோ, வட்டாரச் சங்கம் ஒன்று அந்தக் கட்டடத்துக்குச் சுத்தத்துக்கான கேடயம் அனுப்பியது. வாங்கிக்கொள்ள யாரும் கீழே இறங்கவில்லை.

வாணி பிரவின் சட்டையை இப்போதும் துவைத்துப் போடுகிறாள். போட்ட சாயம் முதல் அலசலிலேயே போய்விட்டது. பழைய ஆரஞ்சு தானாகத் திரும்பியது. கட்டடத்தில் நிறமுள்ள துணி அது ஒன்றுதான். நோய் வர ஆளில்லாததால் இனி அது வெளுக்காது என்று தெரிந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் சாயமா என்று தொட்டுப் பார்ப்பதில்லை.