இடது தொடை அரை அங்குலம் குறைவு

"இடது எது வலது எதுன்னு தெரியாமலா முப்பது வருஷமா சட்டை தைக்கிறீங்க, பெரியம்மா?"

"கத்தாதடி. தெருவே கேக்குது."

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டே கேட்டார்கள். கத்தியவள் டெய்லரம்மாவின் தங்கை மகள். பிசியோதெரபி முடித்து நாலு மாதம்கூட ஆகவில்லை. "கால் பிடிச்சு விடறதுக்கு ஒரு பட்டமா?" என்று சிரித்த குடும்பம்தான், பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும், அடடா, நம்ம வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று கண்டுபிடித்தது. அவளுக்கு அவர்தான் முதல் நோயாளி. வாரம் இரண்டு நாள் வந்து பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். மற்ற நாட்களில் செய்யவைப்பது டெய்லரம்மாவின் பொறுப்பு.

ஆறு வாரமாகியும் மனிதர் கட்டிலை விட்டு எழுந்து நிற்கவில்லை. இன்று அவள் பெரியம்மாவின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்தாள். முதல் நாள் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டாள். நல்ல கால் அரை அங்குலம் பருத்திருந்தது. விழுந்த கால் அரை அங்குலம் இளைத்திருந்தது.

"வலிக்கவே இல்லையேன்னு நானும் சந்தோஷமா இருந்தேன்மா," என்றார் பெரியப்பா. "நல்ல காலுதான் முதல்ல பலப்படணும்னு நீ சொன்னியாம். உங்க பெரியம்மாதான் சொன்னா."

டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே முயற்சியில் கோத்தாள். குட்டு வெளிப்பட்டால் முகம் சிவக்கும், கை நடுங்கும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போனது அவருடைய இடது பக்கம் மட்டும்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவளை யார் பரிசோதித்தார்கள்?

அவருக்குச் சட்டை தைத்தது ஒருத்தி, தேய்த்தது இன்னொருத்தி. பாலத்துக்கு அந்தப் பக்கம் லாண்டரி வைத்திருப்பவள். மனைவிக்கு மட்டும் தெரியாது என்று தெருவே இரண்டு வருஷம் பெருந்தன்மையாக நடித்தது. கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் வாசற்படி தாண்டும்போதுதான் கால் மடிந்து விழுந்தார். பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் கட்டிலடியில் இருக்கிறது.

தங்கை மகளான சின்னவள் பெரியம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் பெரியம்மா?"

"நடந்தா போயிடுவாரு."

"போகட்டும், இருக்கட்டும். இப்படியே விட்டா கால் இறுகிப்போயிடும். அப்புறம் யார் வந்தாலும் நிமிர்த்த முடியாது. காலம்பூரா நீங்கதான் தூக்கணும்."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்." யாருடைய பாரத்தையோ சொல்வதுபோல் சொன்னாள்.

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடக்கவைக்கப் படித்தவளுக்கு, நடந்தபின் எங்கே போவார்கள் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது பெரியம்மா," என்றாள். "அடி வைக்கத் தரையில கோடு போடணும். சாக்பீஸ் இருக்கா?"

டெய்லரம்மா துணியில் அளவுக்கோடு போடும் தட்டைச் சாக்பீஸை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"எவ்வளவுக்கு ஒண்ணு?"

"பதினாலு அங்குலம்."

மண்டியிட்டு, டேப்பை விரித்து, கட்டிலடியிலிருந்து அவளே போட்டுக்கொண்டு வந்தாள். வெட்டப்போகும் துணியில் போடுவதுபோல் நேரான கோடுகள். தையல் மிஷின் அருகே நிமிர்ந்தாள்.

"எது வரைக்கும்?"

"வாசல் வரைக்கும்."

போட்டாள்.

ஐந்து மாதத்தில் அவர் கைத்தடியோடு நடந்தார். ஆறாவது மாதம் அதே பெட்டியோடு பாலத்தைத் தாண்டினார். வாசலில் முதலில் எடுத்துவைத்தது எந்தக் கால் என்பதில் எதிர்வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. முதல் நோயாளியையே நடக்கவைத்த கைராசிக்காரி என்று பெயர் எடுத்த சின்னவள், வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துணி தைத்தது பெரியம்மாதான். அளவு கச்சிதம்.

டெய்லரம்மா எங்கேயும் போகவில்லை. காலையில் வீடு துடைக்கும்போது ஈரத்துணி கோடுகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. வாசலோரக் கோடு மட்டும் வருவோர் போவோர் மிதித்து அடிக்கடி அழிந்துவிடும். அப்போது அவள் மிஷினை நிறுத்தி, எழுந்து வந்து, முந்தைய கோட்டிலிருந்து பதினாலு அங்குலம் அளந்து, மறுபடி போடுகிறாள்.