சட்டையின் வலது கை

பக்கத்து வீட்டு நாய் என் வீட்டுக்காரரைக் கடித்து மூன்று நாளாகிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு புகார்த் தாளைக் கொடுத்து, விருப்பமிருந்தால் இன்று ஐந்து மணிக்குள் சுகாதார அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தாள். மணி மூன்றரை. ஆறாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. நாய் கடிக்கும்படி ஏதாவது காரணம் இருந்ததா? இல்லை என்று எழுதினால் பிடித்துப் போவார்கள். அப்படிப் போன நாய் திரும்பாது.

நாயின் சொந்தக்காரர் பஸ் டிரைவர், தனியாள். அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. நகராமல் கிடந்து, எல்லாம் படுத்த இடத்துக்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்குமாம். ஏழு வருடத்தில் அது யாரையும் தொட்டதில்லை. ஆனால் அன்று ரத்தத்தைப் பார்த்ததும், இந்த நாயை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். எனக்கு வாய் முந்தும், புத்தி பின்னால் மெதுவாக நடந்து வரும்.

மறுநாள் காலைதான் அந்தப் புத்தி வந்து சேர்ந்தது.

நான் தையல்காரி. டிரைவரின் யூனிஃபார்ம் சட்டைக்குக் கை குறைக்க வேண்டுமென்றால், டூட்டி முடிந்து வரும் மனிதரை நிற்க வைக்க மாட்டேன். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே தோள், ஒரே கை நீளம். இவருக்கு மாட்டிவிட்டுக் குண்டூசி குத்திக்கொள்வேன். இந்தத் தெருவில் பாதி ஆண்களின் துணி இவர் உடம்பில் ஏறி இறங்கியதுதான். யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அடுத்த தெருத் தையல்காரர் வாடிக்கைக்காரர் ஒருவரின் கோட்டைத் தன் மகனுக்குப் போட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பியது தெரிந்தபின், அவரிடம் யாரும் ஒரு பட்டன்கூடத் தைக்கக் கொடுக்கவில்லை.

அன்று டிரைவர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். தொட்டி நிரம்பி வழிந்தது. நிறுத்தலாமென்று இவர், அளவு பார்க்க நான் மாட்டிவிட்டிருந்த டிரைவரின் சட்டையோடு அப்படியே ஓடினார். அது துவைக்காத சட்டை. வாசனை எஜமானுடையது, ஆள் வேறு. வாலாட்டி ஓடி வந்த நாய் கிட்டே வந்து முகர்ந்தது, பாய்ந்தது. இவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். அந்த வலது முழங்கைக்குக் கீழேயே கடித்துவிட்டது.

நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சட்டையை அலசிக் கிழிசலை இழை தெரியாமல் தைத்ததுதான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

"நாய்க்காக உன் தொழிலக் கெடுத்துக்காத. காரணம் இல்லைன்னு எழுது" என்றார் இவர், கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டே. எழுத முடியவில்லை. கடைசியில், புகாரே வேண்டாம், எல்லோருக்கும் நல்லது என்று தாளை நான்காகக் கிழித்தேன். மூச்சு விட்டேன். எதிர்வீட்டு டீச்சர் தன் கணவரின் பேண்டை வாங்க வந்திருந்தாள். அதை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

அப்போது டிரைவர் வந்தார். கையில் கயிறு, கயிற்றின் முனையில் மாப்பிள்ளை. அது என்னைப் பார்த்து வாலாட்டியது.

"நீ எதுவும் எழுத வேணாம் தங்கச்சி. நானே கொண்டுபோய் ஒப்படைக்கிறேன். காரணமே இல்லாம கடிக்கிற நாயைக் குழந்தைங்க ஓடுற தெருவுல வச்சிக்க முடியாது." போகிற வழியில் டிப்போவில் இறங்க வேண்டும், சட்டை ஆகிவிட்டதா என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் சட்டைக் கையை விரித்துப் பார்த்து, உன் வேலையே தனி என்றார். எனக்குக் காது எரிந்தது. டீச்சர் பேண்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் போகவில்லை. டிரைவர் கயிற்றைச் சுண்டித் திரும்பிவிட்டார்.

"அண்ணே, அந்தச் சட்டையக் குடுங்க."

சட்டையை மடியில் போட்டு, கத்தரி முனையால் வலது கையில் நான் போட்ட இழைகளைப் பிரித்தேன். அவசரத்தில் இரண்டு இடத்தில் துணியும் அறுந்தது. பல் இறங்கிய கிழிசல் திறந்துகொண்டது.

"கடிக்கிறப்ப இவர் போட்டிருந்தது இதுதான். அளவு பாக்க நான்தான் மாட்டிவிட்டேன். நாய் மேல தப்பில்ல."

டிரைவர் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "என் சட்டை மட்டுமா?"

டீச்சரை நான் பார்க்கவில்லை. "இல்லண்ணே. எல்லார் துணியும்தான்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து நாயின் கழுத்தை இழுத்து அணைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. முடிச்சை அவிழ்க்க அவருக்கு வரவில்லை, நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது, டீச்சர் கணவரின் பேண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.