மாமாவின் கை மட்டும் பட்ட வண்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தானே என்று புன்னகைக்காதீர்கள். நான் சொல்வது பழைய பைக் விற்பவன் வாசலில் நின்று சொல்கிற சாதாரணப் பொய்.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: "பனி கொட்டிய ஒரு காலையில், பட்டறைக்காரன் தன் துரோகத்தை" – நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்ததே இல்லை. நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் அது கொட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வரைவு: "என் அக்காவின் கணவர் பைக் பட்டறை வைத்திருக்கிறார். என் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கோணலாக முடுக்கி மரையைக் கெடுத்தவர் அவர்தான்." நல்ல வாக்கியங்கள். நேராக இருக்கின்றன. இரண்டாவது உண்மை இல்லை என்பதுதான் குறை.

2

கோணலாக முடுக்கியது நான்.

விற்பதற்கு முன் புது பிளக் போட்டால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகுமே என்று ஆசை. பிளக்கை முதலில் விரலால் திருக வேண்டும். நாலு சுற்று சுலபமாக உள்ளே போனபிறகுதான் ஸ்பேனர். நான் எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரை மாட்டினேன். இறுகியது. சரியாகப் பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.*

* இங்கே ஒரு தத்துவ வரி இருந்தது. எடுத்துவிட்டேன். விரலில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தது என்று சொன்னால் போதும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாமா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாரு மாப்ள இதுல கை வச்சது?"

"நான்தான் மாமா."

"புத்தகத்தப் பிரிக்கிற மாதிரின்னு நெனச்சியா? மரை மொத்தமும் போச்சு. இன்ஜின் ஹெட்டக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும். நாலு நாள் ஆகும்."

"நாளைக்குக் காலைலயே பார்க்க வராங்க மாமா. இந்த ஆளும் போயிட்டா வேற யாரும் வரமாட்டாங்க."

மாமா முனகிக்கொண்டே இரும்புப் பசையைக் குழைத்துத் தடவி, பிளக்கை உட்காரவைத்தார்.

"இது சும்மா ஒப்புக்கு. எப்ப வேணா பிச்சிக்கும். வாங்குறவர்கிட்ட சொல்லிடணும். ஹெட்ட நானே சரி பண்ணித் தரேன்னும் சொல்லு. சொல்லுவியா?"

"சொல்லிடறேன் மாமா."

3

வந்தவர் ஒரு மருந்து கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கும் வேலையில் இருப்பவர். அந்தக் கம்பெனியின் பதினோரு டெலிவரி வண்டிகளும் மாமாவிடம்தான் சர்வீஸுக்கு வரும். டயரை அழுத்திப் பார்த்தார், ஹாரன் அடித்தார், கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்ஜின் பக்கம் யாராவது கை வச்சிருக்காங்களா தம்பி?"

(இந்த அடைப்புக்குறிக்குள் நான் உண்மையைச் சொல்கிற பத்தி ஒன்று இருந்தது. அழகாக வந்திருந்தது. நடக்காததால் வெட்டிவிட்டேன்.)

"எங்க மாமா கை தவிர வேற கை பட்டதே இல்ல சார்."

யார் மாமா என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"அட, அவர் கையா? அப்பப் பார்க்கவே வேணாம்."

4

ஆறாம் நாள் மேம்பாலத்தில் பிளக் வெடிச்சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு தெறித்தது. அவர் பதறி பிரேக் அடிக்க, வண்டி சரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு.

அவர் பட்டறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். டயர் அடுக்குக்குப் பின்னால். (இந்த மூன்று சொற்களை எழுத மூன்று நாள் ஆயிற்று.)

"உங்க பேரச் சொன்னதாலதான் கண்ண மூடிக்கிட்டு வாங்கினேன். பசை வச்சு ஒட்டியிருக்கீங்க. இதெல்லாம் ஒரு வேலையா?"

மாமா நான் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் டயரில் பொறித்திருந்த எண்களை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

"பசை வச்சது நான்தாங்க," என்றார்.

அது உண்மை. மீதி உண்மைக்கு எனக்கு இடம்விட்டார். பிறகு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

பதினோரு வண்டிகளும் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. மூன்று வாரமாக மாமா வெறும் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்கா போன் செய்தாள். "அவரு உன்னக் காட்டிக்குடுக்க மாட்டாரு. நீயே போய்ச் சொல்லிடுவேன்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு, பாவம்."

"சொல்லிடறேன்க்கா. கையில ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு."

"அப்படி என்னடா வேலை?"

இந்த வேலைதான்.

5

முடிவு அ: மருந்து கம்பெனி வாசலில் குரல் தழுதழுக்கச் சொல்லிவிடுகிறேன். அவர் மன்னிக்கிறார். வண்டிகள் மாமாவிடம் திரும்புகின்றன. இதில் நான் அழகாக இருக்கிறேன். அதனால் நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: சொல்கிறேன். அவர் அறைகிறார். இதில் இன்னும் அழகாக இருக்கிறேன்.

முடிவு இ: மாமாவே அவரைக் கூப்பிட்டு – வேண்டாம். காகிதத்தில்கூட என் வேலையை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன், உங்களிடம். மாமா கதை படிப்பவர் அல்ல. மருந்து கம்பெனிக்காரர் மாத்திரை அட்டையின் பின்பக்கம் தவிர எதையும் படிப்பதாகத் தெரியவில்லை. அக்கா என் எழுத்தைப் படிப்பதை விட்டு வருடங்கள் ஆகின்றன. இது தெரியவேண்டிய மூன்று பேரும் எட்டிப்பார்க்காத இடமாகத் தேடி, இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

ஆகவே முடிவை உங்களுக்குத் தருகிறேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து கம்பெனி காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் மூன்றாவது மேசை. நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். வழியில் என்னைக் கண்டால் பாதியிலேயே திரும்பிக்கொள்ளலாம். இதுவரை அந்த வழியில் என்னை யாரும் கண்டதில்லை.