ஒற்றைச் சாக்ஸின் நொண்டித் தாளம்

ஊரில் உள்ள அத்தனை வாஷிங் மெஷின்களையும் சரிசெய்யும் என் அப்பா, எங்கள் வீட்டு மெஷினை மட்டும் தொட்டதே இல்லை. கேட்டால், "கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணீங்களா?" என்பார். அம்மா ஒருமுறை முறைப்படி போன் செய்து பதிவே செய்துவிட்டாள். போனை எடுத்த அப்பா, "சாயங்காலம் ஆள் வருவாங்க மேடம்" என்றார். ஆள் வந்தார். சாப்பிட்டார். தூங்கிவிட்டார்.

மெஷினின் கோளாறு பெரிதல்ல. பின்பக்கக் கால் ஒன்று குட்டை. அடியில் அட்டையை மடித்து வைத்தால் நாலு துவையலுக்குத் தாங்கும், பிறகு நழுவிவிடும். அதற்குப் பின் துணி சுழலும்போதெல்லாம் தொம், தொம், தொதொம் என்று சுவரில் இடிக்கும். இடித்துவிட்டு, செய்தது சரியா என்று யோசிப்பதுபோல் ஒரு கணம் நிற்கும். மறுபடியும் தொம், தொம், தொதொம். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகவே கருதுவதில்லை. வாடகைக்கு இருப்பவர் இருமுவதுபோல் எடுத்துக்கொண்டோம்.

அக்கா பாட்டு எழுதுவது அந்த மெஷின் இருக்கும் அறையில்தான். எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய அறைகள் இரண்டே. ஒன்றில் அதிக நேரம் இருந்தால் வெளியே வரிசை நிற்கும். மற்றது துணி துவைக்கும் அறை. அவள் பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். வருகிறவர் மூக்கில் ஒரு லென்ஸை மாட்டி, "இது தெளிவா இருக்கா?" என்பாள். கழற்றி இன்னொன்றை மாட்டி, "அதுவா, இதுவா?" என்பாள். மாலையில் வந்து கிட்டாரோடு தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பகலெல்லாம் கேட்ட கேள்வி பாட்டிலும் வந்து நிற்கும்.

*இந்தக் கண்ணாடியில் நீ வருகிறாய்*
*அந்தக் கண்ணாடியில் நீ போகிறாய்*
*எது தெளிவு, சொல்*
*இதுவா? அதுவா?*

இதுதான் அவளுடைய முதல் பாட்டு. போனை வைக்க வேறு இடமில்லாததால் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மேலேயே வைத்துப் பதிவு செய்தாள். இணையத்தில் ஏற்றும்போது படம் கேட்டது. முகத்தைப் போட அவளுக்குக் கூச்சம். கொடியில் தொங்கிய என் சாக்ஸை எடுத்துப் போட்டாள். பெயர் கேட்டது. "ஒத்தை சாக்ஸ்" என்று கொடுத்துவிட்டாள். விஷயம் வெளியே போனால் மீதிச் சாக்ஸும் எனக்கு மிஞ்சாது என்று எச்சரித்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பாட்டு வாயைத் திறந்துவிட்டது. அடுத்த வருடமே எங்கள் கல்லூரியில் பாட்டு எழுதுகிற எல்லோரும் நொண்ட ஆரம்பித்தார்கள். டிரம்ஸ்காரர்கள் தொம், தொம், தொதொம் அடித்துவிட்டு, ஏதோ யோசிப்பதுபோல் நின்றார்கள். எல்லாச் சரணமும் கேள்வியில் முடிந்தது. "வருவாயா, மாட்டாயா?" "மழையா, கண்ணீரா?" "பஸ்ஸா, ரயிலா?" பதில் சொல்லும் பாட்டு ஒன்றுகூட எங்கள் வளாகத்தில் மிச்சமில்லை. கேன்டீன் பில்லைக்கூட ஒருவன் கேள்வியாகப் பாடினான்.

என் வகுப்புக் கிட்டார்க்காரன் ஒருநாள் கேன்டீனில் என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

"மச்சான், ஒத்தை சாக்ஸ் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே."

"யாருக்கும் தெரியாதுடா. அதான் விஷயம். அந்த சாக்ஸ் என்னது? மனுஷனோட தனிமை. ஜோடியைத் தொலைச்ச ஆத்மா. புரியுதா?"

புரிந்தது. ஜோடி அப்போது என் காலில் இருந்தது.

"அந்தத் தாளம்? அது ஏதோ மலையில மட்டும் வாசிக்கிற கொட்டுடா. கடல் தாண்டிப் போய்த் தேடினாலும் கிடைக்காது. நான் எழுதுறதே அவரைக் கேட்டுத்தான். அவர் இல்லன்னா நான் இந்நேரம் ஒழுங்காப் படிச்சிருப்பேன்."

அப்படிச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. நான் சிரிப்பை அடக்கத் தயாராக இருந்தேன். ஆனால் வந்தது சிரிப்பு இல்லை. என் அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து முனகியதைக் கேட்டு, அவளை யாரென்றே தெரியாத ஒருத்தன் ராத்திரியெல்லாம் விழித்துச் சரணம் எழுதுகிறான். நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. டீக்கு நானே காசு கொடுத்தேன். அவன் பயந்துபோனான்.

அந்த மாதம் நகர அரங்கத்தில் 'பாட்டு மாலை' என்று ஒரு நிகழ்ச்சி அறிவித்தார்கள். பாட்டு எழுதுபவர்கள் தாங்களே வந்து பாடவேண்டும். அதற்கு முன் தேர்வு உண்டு. அக்கா என்னைத் துணி துவைக்கும் அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

"டேய், ஒரே ஒரு தடவை என் முகத்தோட பாடணும்டா. என் பாட்டை எல்லாரும் அவங்கவங்க முகத்தோட பாடுறாங்க. நான் மட்டும் உன் சாக்ஸோட நிக்கிறேன்."

"துவைச்ச சாக்ஸ்தானே" என்றேன். முறைத்தாள். விளையாட்டில்லை என்று புரிந்துகொண்டேன்.

தேர்வு நாளில் அப்பா லீவு போட்டு, தன் வேனிலேயே எங்களை அரங்கத்தில் இறக்கிவிட்டார். "பாப்பா, நீ போய்ப் பாடு. வீட்ல எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு, பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பவர்போல் சிரித்தார்.

தேர்வு செய்பவர் ஊரறிந்த பாடலாசிரியர். எல்லாக் கடைகளிலும் அவர் பாட்டுத்தான் ஓடும். தாடி என்பதுதான் அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர். காரணம் மார்பு வரை இறங்கியிருந்தது. அக்கா உட்கார்ந்து, காலால் தொம், தொம், தொதொம் தட்டி, கொஞ்சம் நிறுத்தி, பாடினாள். முழுவதையும் கண்மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அதில் இரக்கம் இருந்தது.

"நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா ஒத்தை சாக்ஸோட பாதிப்பு ரொம்ப அதிகம். காலையில இருந்து வந்தவங்க எல்லாருமே அப்படித்தான். உங்களுக்குன்னு ஒரு குரல் வேணும் இல்லையா? அதைக் கண்டுபிடிச்சிட்டு அடுத்த வருஷம் வாங்க."

அக்கா எழுந்திருக்கவில்லை.

"சார், அந்த ஒத்தை சாக்ஸே நான்தான்."

தாடி பெருமூச்சு விட்டார். "இன்னைக்கு வந்ததுல நீங்க நாலாவது ஒத்தை சாக்ஸும்மா. ரெண்டு ஜோடி ஆயிடுச்சு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவின் முகம் சிவந்தது. நான் குனிந்து என் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தேன். சாட்சி என் காலில்தானே இருக்கிறது. "நிறுத்துடா" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

தாடி முன்னால் சாய்ந்தார். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தத் தாளம் எதுல வாசிச்சது? முதல்ல வந்தவர் மலைக்கொட்டுன்னார். அடுத்தவர் குதிரைக் குளம்புன்னார். இன்னொருத்தர் தன்னோட இதயத் துடிப்புன்னார், அவரை டாக்டர்கிட்ட அனுப்பி வெச்சோம். நீங்க?"

"வாஷிங் மெஷின் சார். பின்னாடி கால் குட்டை. சுவர்ல இடிக்கும்."

அரங்கத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தாடி தாடியைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "காட்டுங்க" என்றார். "அது உண்மைன்னா மேடை உங்களுக்கு. இல்லன்னா என் ஒரு மத்தியானம் போச்சு, அவ்வளவுதான்."

வெளியே அப்பாவின் வேன் தயாராக நின்றது. அவர் கையெல்லாம் கிரீஸ். முகமெல்லாம் பெருமை. தாடியை முன் சீட்டில் உட்காரவைத்தோம். பின்னால் நானும் அக்காவும் யாருடைய மெஷினின் மோட்டாருக்கோ இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வழியெல்லாம் அப்பா வாய் ஓயாமல் பேசினார். "எங்க வீட்டு மெஷினைப் பார்க்கவா வர்றீங்க? சரியான நேரத்துக்குத்தான் சார் வர்றீங்க!" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவர் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தேன்.

நேரே துணி துவைக்கும் அறைக்குப் போனோம். அக்கா பொத்தானை அழுத்தினாள். மெஷின் சுழன்றது. ஒரு தொம் இல்லை. ஒரு தொதொம் இல்லை. அறைக்குள் குழந்தை தூங்குவதுபோல் மெல்லிய மூச்சு மட்டும்.

"எப்படி!" என்றார் அப்பா. "புதுக் கால், புது ரப்பர். மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சாக்கூட சிந்தாது. என் பொண்ணு இன்னைக்குப் பாடப் போறா, இனிமேலாவது நிம்மதியா உக்காந்து எழுதட்டும்னு நானே பண்ணினேன் சார். கம்ப்ளெயின்ட்கூட பதிவு பண்ணல!"

வருடக்கணக்காகச் செய்யாத வேலையை அந்த ஒரு காலையில் செய்திருந்தார். அக்காவால் அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் முகம் அப்படி ஒளிர்ந்துகொண்டிருந்தது. "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள்.

தாடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, நான் கிளம்புறேன்" என்றார். செருப்பை மாட்டப் போனவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

"அது என்ன சத்தம்?"

சமையலறையிலிருந்து வந்தது. டக், டக், டடக். ஒரு கணம் அமைதி. டக், டக், டடக்.

உள்ளே அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் தாடியோடு நாங்கள் குவிந்து நின்றதைக் கவனிக்கவில்லை. டக், டக், டடக். கத்தி பலகையின் மேல் நின்று, யோசித்து, மறுபடி இறங்கியது.

"அம்மா, நீங்க ஏன் இப்படி நறுக்குறீங்க?" தாடியின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

அம்மா திரும்பி, முதலில் தாடியை, பிறகு என்னை முறைத்தாள். "எப்படி நறுக்குறேன்? எல்லாரும் நறுக்குற மாதிரித்தான். வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா ஒரு வார்த்தை சொல்றதில்லையா?"

"இல்ல, இந்த நடுவுல நிறுத்துறீங்களே..."

"எங்க நிறுத்துறேன்?"

இதற்குள் அப்பா, தான் போட்ட கால் எவ்வளவு உறுதி என்று நிரூபிக்க, ஸ்பேனரால் மெஷினைத் தட்டிக் காட்டினார். டங், டங், டடங். நின்றது. டங், டங், டடங். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, சுவரில் சாய்ந்து நின்ற நானும் கால் கட்டைவிரலால் அதையே தட்டிக்கொண்டிருந்தேன். மெஷினின் நொண்டலை அப்பா சரிசெய்துவிட்டார். எங்களை யாரும் சரிசெய்யவில்லை.

தாடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொய் சாக்ஸ்கள் வேறு எதை வேண்டுமானாலும் தயார் செய்திருக்கலாம். பீன்ஸைத் தயார் செய்ய முடியாது.

"நான் எழுதுறதையே விட்டிருந்தேம்மா" என்றார் அக்காவிடம். "எழுதினா எல்லாம் வழவழன்னு வரும். எனக்கே பிடிக்காது. அன்னைக்கு உங்க பாட்டைக் கேட்டேன். அடுத்த தொம் வருமா வராதான்னு மூச்சைப் பிடிச்சிட்டு இருந்தேன். அன்னைக்கே மறுபடி உக்காந்துட்டேன். இப்ப ஊர்ல ஓடுற என் பாட்டு எல்லாமே உங்க வீட்டுல இருந்து வந்ததுதான். அது தெரியாம உங்களுக்கே பாடம் சொன்னேன் பாருங்க."

அக்கா, "உங்க பாட்டுல ஒண்ணு நடுவுல திடீர்னு மெதுவா ஆகும் இல்ல சார்? யாரோ கதவைச் சாத்திட்டு உள்ள வந்த மாதிரி. அதை நான் திருடி வெச்சிருக்கேன்" என்றாள்.

"எடுத்துக்கோங்க. வட்டியா வெச்சுக்கோங்க."

"யாராவது சாப்பிடுறீங்களா, இல்ல என் கையையே பார்த்துட்டு இருக்கப் போறீங்களா?" என்றாள் அம்மா.

பாட்டு மாலையன்று நாங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு முன் பாடியவர்கள் எல்லோரும் நொண்டினார்கள். எல்லோரும் கேள்வியில் முடித்தார்கள். கடைசியாகத் தாடி வந்து, "இவங்களைக் கேட்டுத்தான் நாங்கல்லாம் எழுதுறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கினார். அக்கா வந்தாள். தன் முகத்தோடு வந்தாள். எனக்குப் பின்வரிசையில் இருந்த கிட்டார்க்காரன் எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குனிந்து என் காலைப் பார்த்தான். நானும் மெல்லக் காலைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் பாடிய புதுப் பாட்டு நொண்டவில்லை. சரிசெய்த மெஷின் மேல் எழுதிய பாட்டு அது, நேராக நடந்தது. நடுவில் ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல் மெதுவானது. பிறகு இப்படி முடிந்தது.

*இரண்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன்*
*நீ நின்ற இடத்திலேயே நின்றாய்*
*இதுதான் தெளிவு*

கேள்விக்குக் காத்திருந்த அரங்கத்துக்குக் கைதட்டவே கொஞ்ச நேரமாயிற்று. தட்ட ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அம்மா அழுதுகொண்டே தட்டினாள். அவள் கைதட்டல் மட்டும் இரண்டு தட்டி, அவசரமாக இன்னும் இரண்டு தட்டி, யோசித்தது.

அடுத்த வாரம் கல்லூரியில் ஒருவரும் நொண்டவில்லை. எல்லாத் தாளமும் நேராக நடந்தது, எல்லாச் சரணமும் பதில் சொன்னது. "பஸ்தான்" என்று முடித்தான் ஒருவன். நேராக நடப்பதே இந்தக் காலத்தில் பெரிய கலகம் என்று கிட்டார்க்காரன் எனக்கு விளக்கினான். அதற்குக் காரணம் புது ரப்பர் என்று சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டான்.

இப்போது அப்பா வேனில் போகும்போது கடைகளில் பாட்டுக் கேட்டால் வேகத்தைக் குறைக்கிறார்.

"கேட்டியாடா? துளி ஆட்டம் இல்ல. ஊரே ஸ்டெடியா ஓடுது. யாரு பண்ணின வேலை?"

"நீங்கதான்ப்பா."

போன வாரம் அவர் ஸ்பேனரோடு சமையலறைப் பக்கம் போனார். நறுக்கும் பலகை கொஞ்சம் ஆடுகிறதாம், ஒரு ஆணி அடித்தால் போதுமாம். துணி துவைக்கும் அறையின் தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. கிட்டாரோடு அக்கா ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"அப்பா, அதுல மட்டும் கை வெக்காதீங்க. அடுத்த பாட்டு அதுல இருக்கு."